ஸ்பிரிட் அடுப்புக்குத் திரி

நான் பயந்தாங்கொள்ளி. இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. ஊர் ஊராகப் போய்ப் பிரசவம் பார்த்தவள் என்று கேள்விப்பட்டதும் எல்லாரும் என்னைப் பெரிய தைரியசாலி என்று நினைத்துக்கொள்கிறார்கள். எனக்கு நாய் என்றால் பயம். சுவர் எழுப்பாத கிணறு என்றால் பயம். ஒற்றையடிப் பாதையில் எதிரே ஒரு எருமை வந்தால், அது கடந்து போகும்வரை வரப்பிலிருந்து இறங்கிச் சேற்றில் நிற்பேன். ஆனால் இவையெல்லாம் சில்லறைப் பயங்கள். மொத்தமாக ஒரு பயம் இருந்தது. வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து அது என் கூடவே நடந்தது.

பிள்ளை பிறந்து, நஞ்சுக்கொடியும் விழுந்தபிறகு, சில பெண்களுக்கு ரத்தம் நிற்காது. கர்ப்பப்பை இறுகாமல் தொளதொளவென்று கிடக்கும். வயிற்றின்மேல் கையை வைத்துத் தேய்த்துக்கொண்டே இருக்க வேண்டும், கூடவே ஒரு ஊசி போட வேண்டும். மருந்து என் பெட்டியில் சின்னக் கண்ணாடிக் குப்பியில் இருக்கும். ஆனால் சிரிஞ்சையும் ஊசியையும் கொதிக்க வைத்துத்தான் போட முடியும். பிரித்துப் போட்டுவிட்டுத் தூக்கி எறிகிற ஊசியெல்லாம் அப்போது ஏது? கொதிக்க வைக்க நெருப்பு வேண்டும். வீட்டுக்கு வீடு அடுப்பு எரிகிற ஊரில் நெருப்புக்கா பஞ்சம் என்று கேட்பீர்கள். எனக்குப் பஞ்சம்தான்.

திண்டுக்கல்லைச் சுற்றி நான் போய்வந்த ஊர்களில், பிள்ளை பெறுகிற இடத்துக்கு அடுப்பு நெருப்பைக் கொடுக்க மாட்டார்கள். தீட்டுப்பட்ட அறைக்குள் போன பாத்திரமும் திரும்ப அடுப்பில் ஏறாது. என் ஊசி டப்பா ஊரில் உள்ள எல்லாப் பிரசவ அறைக்குள்ளும் போய்வந்த டப்பா. அதைப் பார்த்ததும் அடுப்படிக் கதவைச் சாத்திக்கொள்வார்கள். நான் கெஞ்சியும் பார்த்தேன், கத்தியும் பார்த்தேன். "கோவிச்சுக்காதீங்க நர்சம்மா" என்று மோர் கொடுப்பார்கள், நெருப்பு மட்டும் கொடுக்க மாட்டார்கள்.

பயிற்சியில் இருந்தபோது ஒரு வீட்டு வாசலில் மூன்று கல்லைக் கூட்டி, ஈர விறகை நானும் இன்னொருத்தியும் மாற்றி மாற்றி ஊதினோம். கண்ணில் புகை, மூக்கில் புகை. தண்ணீர் கொதித்து டப்பாவோடு உள்ளே ஓடியபோது அந்தப் பெண்ணின் கை பாய்க்கு வெளியே விழுந்து கிடந்தது. எங்களைவிடச் சின்னவள். அதற்கப்புறம் எந்த வீட்டுக்கு நடந்தாலும், இந்த வீட்டில் தண்ணீர் கொதிக்குமா என்பது ஒன்றுதான் என் மனசில் ஓடும்.

சர்க்கார் எனக்கு ஒரு பித்தளை ஸ்பிரிட் விளக்கு கொடுத்திருந்தது. எனக்கு முன்னால் எத்தனை பேர் கையில் இருந்ததோ, திருகு தேய்ந்து போயிருந்தது. பையில் வைத்து நடந்தால் கசியும். மதுவிலக்குக் காலம் அது. ஆம்பிளைகள் மர பாலிஷை வடிகட்டிக் குடித்துக் கண் அவிந்து போன கதையெல்லாம் வாரம் ஒன்று காதில் விழும். அந்தக் காலத்தில், தோள்பையில் ஸ்பிரிட் சொட்டச் சொட்ட ஒரு பொம்பிளை பஸ் ஏறினால் எப்படி இருக்கும்?

எப்படி இருந்தது என்று சொல்கிறேன். சின்னாளப்பட்டியில் ஏறி உட்கார்ந்தேன். பக்கத்துச் சீட்டுப் பெரியவர் மூக்கைத் தூக்கித் தூக்கிப் பார்த்தார். பிறகு கண்டக்டர் பார்த்தார். பின்னாலிருந்து ஒருத்தர், "யாருப்பா காலங்காத்தால" என்றார். அந்த பஸ்ஸில் ஒரு போலீஸ்காரரும் வந்தார், அது என் தலையெழுத்து.

"என்னம்மா பைக்குள்ள?"

"ஸ்பிரிட்டுங்கய்யா. ஊசி கொதிக்க வைக்கிறதுக்கு."

"எல்லாரும் ஊசிக்கு, உடம்புக்குன்னுதான் சொல்றாய்ங்க. இறங்கு."

நடுரோட்டில் புளியமரத்தடியில் இறக்கிவிட்டார். பையைக் கவிழ்த்துக் கத்தரி, பஞ்சு, டப்பா, அரைகுறையாக நனைந்த என் மாற்றுச் சேலை எல்லாவற்றையும் தரையில் பரப்பி முகர்ந்து பார்த்தார். பஸ் ஜன்னலில் வரிசையாகத் தலைகள். கடைசியில், "நர்சு உடுப்பைப் பார்த்து விடுறேன். இனிமே இந்த நாத்தத்தோட பஸ்ல பார்த்தேன், ஸ்டேஷன்தான்" என்று சொல்லிவிட்டு அதே பஸ்ஸில் ஏறிப் போய்விட்டார். நான் போக வேண்டிய ஊருக்கு மிச்ச வழி நடந்தேன். விளக்கில் ஒரு சொட்டு ஸ்பிரிட் மிஞ்சவில்லை. நல்லவேளை, அன்றைக்குப் பிள்ளை எந்தத் தொந்தரவும் இல்லாமல் பிறந்தது. அப்படிப் பிறக்காமல் இருந்திருந்தால் என்று நினைத்துக்கொண்டே திரும்பி நடந்தேன்.

வீட்டுக்கு வந்து, வேலையை விடப்போகிறேன் என்றேன். என் வீட்டுக்காரர் தறிக்காரர். சின்னாளப்பட்டியில் அந்தத் தெருவில் எல்லாருமே தறிக்காரர்கள். மழை பிடித்துக்கொண்டு தெருவில் பாவு நூலை நீட்டிக் காயவைக்க முடியாமல் தறி சும்மா கிடந்த நேரம். கை சும்மா இருந்தால் அவருக்கு உடம்பு சரியில்லாமல் போய்விடும்.

"விடுறதுன்னா விடு. ஆனா சிந்துதுங்கிறதுக்காக விடாத" என்றார். "சிந்தாத மாதிரி ஒண்ணு பண்ணிட்டாப் போச்சு."

"போலீசு புடிச்சா நீங்களா வருவீங்க?"

"கவுத்தாலும் சொட்டக் கூடாது. அம்புட்டுத்தானே? விளக்குல எண்ணெய் மாதிரி ஊத்தி வெச்சா சிந்தத்தான் செய்யும். எதாவது ஒண்ணு அதைக் குடிச்சு வெச்சுக்கணும்."

அவர் பேச்சு எப்போதும் இப்படித்தான் இருக்கும், ரொம்பச் சுலபமாக. பழைய இரும்புக் கடையில் ஒரு வட்டமான சிகரெட் டின்னைப் பிடித்துவந்தார். அதற்குள் அளவாக உட்காரும் ஒரு தகர வட்டத்தை வெட்டி, ஆணியால் ஓட்டை ஓட்டையாகப் போட்டார். அடியில் ஸ்பிரிட்டைக் குடித்து வைக்கும் திரி அடைசல், அதன்மேல் ஓட்டைத் தகரம், எல்லாவற்றுக்கும் மேலே டின்னின் சொந்த மூடி. மூடியைத் திறந்து நெருப்புக் காட்டினால் எரிய வேண்டும், கவிழ்த்து மூடினால் அணைய வேண்டும். சோப்பு டப்பா மாதிரி பைக்குள் போட்டுக்கொண்டு நடக்கலாம். எல்லாம் சரி, உள்ளே எதை அடைப்பது என்பதில்தான் வந்து நின்றது.

முதலில் என் பெட்டியிலிருந்து ஆஸ்பத்திரிப் பஞ்சு. நன்றாகக் குடித்தது, நன்றாக எரிந்தது. மூன்றாவது தரம் பற்றவைத்தபோது மேலே கறுத்துச் சுருங்கி, அடியில் போய் ஒரு மூலையில் உட்கார்ந்துகொண்டது. டின்னைக் காதோரம் ஆட்டினால் ஸ்பிரிட் சளக் சளக் என்றது. "இது தேறாது" என்று தூக்கிப் போட்டார்.

அடுத்தது அவருக்கு ரொம்பப் பிடித்த நூல். பாவு மீதியாகத் தறியில் அறுத்துவிடும் நூல்முனைகள். சேலைக்கே உசிர் கொடுக்கிற நூல், அதைவிட உறுதியானது எது இருக்கிறது என்று ஒரு பிடியை அடைத்தார். ஸ்பிரிட்டை ஊற்றினால் அது பாட்டுக்கு மேலேயே நின்றது. உள்ளே இறங்கவே இல்லை. எனக்குப் புரிந்துவிட்டது, நூல்மேல் இருந்த ஆசையில் அவருக்குத் தோன்றவில்லை. பாவு நூலில் கஞ்சி போட்டிருக்கும். கஞ்சி போட்டு, தெருவில் நீட்டி, பிரஷ் போட்டுக் காயவைத்த நூல் எதையும் குடிக்காது. பற்றவைத்ததும் அடிபிடித்த சோற்று வாசம் வீடெல்லாம் அடித்தது. பக்கத்து வீட்டிலிருந்து, "உலையப் பாக்காமப் போயிட்டியா?" என்று குரல் வந்தது. தன் நூல் தன்னைக் கைவிட்டதில் அவருக்கு அன்றைக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

இந்தச் சோதனையெல்லாம் எங்கே நடந்தது என்பதையும் சொல்ல வேண்டும். தறி வீட்டில். மேலே ஓலை, கீழே குழித்தறி, சுற்றிலும் நூல். சிட்டம் சிட்டமாக, கண்டு கண்டாக, கதவு இடுக்கில்கூட நூல். அவர் தீக்குச்சியைக் கையில் எடுக்கும்போதெல்லாம் நான் ஒரு குடம் தண்ணீரை மடியில் வைத்துக்கொண்டு உட்காருவேன். அவர் என்னைப் பார்த்துச் சிரிப்பார். அடுத்த வீட்டில் செயற்கைப்பட்டு நெய்பவரிடம் கழிவு நூல் கேட்டு வாங்கிவந்து அடைத்த அன்றைக்கு அந்தச் சிரிப்பு நின்றது. பளபளவென்று பூ மாதிரி இருந்த நூல். குச்சியைக் காட்டியதும் புஸ்ஸென்று எழுந்தது பாருங்கள், அவர் புருவத்தில் ஒன்று போனது. குடத்தை அப்படியே ஊற்றிவிட்டேன், அடுப்பின்மேலும் அவர்மேலும். அரைச் சேலை அளவுக்கு நூல் நனைந்து பாழ். அவர் ஈர வேட்டியோடு நூலைப் பிழிய உட்கார்ந்தார்.

அரிக்கேன் விளக்குத் திரியை வெட்டி அடைத்தோம். பருத்தி நூலைச் சாம்பல் தண்ணீரில் வேகவைத்துக் கஞ்சி போக்கி அடைத்தோம். இது நன்றாகவே குடித்தது. ஆனால் ஸ்பிரிட் இருக்கிறவரைதான் தீ ஸ்பிரிட்டைத் தின்கிறது. தீர்ந்ததும் நூலைத் தின்ன ஆரம்பித்துவிடுகிறது. வழியில் ஒருநாள், தண்ணீர் சூடாகிக்கொண்டிருக்கும்போதே திரி கருகி அடங்கிப்போனால் நான் என்ன செய்வேன்? பாயை விட்டு வெளியே கிடந்த அந்தக் கை எனக்கு ஞாபகம் வந்தது. இதை நம்பி நான் எங்கேயும் போகமாட்டேன் என்று சொல்லிவிட்டேன்.

திரியைக் கொண்டுவந்தது என் தம்பி. திண்டுக்கல்லில் ஒரு மில்லில் பாய்லருக்குக் கரி தள்ளுகிற வேலை அவனுக்கு. நாங்கள் படும் பாட்டைக் கேட்டுவிட்டு, அடுத்த தடவை வரும்போது சட்டைப் பையிலிருந்து சாம்பல் நிறத்தில் ஒரு முழம் கயிற்றை எடுத்துப் போட்டான்.

"பாய்லர் மூடில வெச்சு இறுக்குற கயிறுக்கா. கல்நார். தீக்குள்ள போட்டாலும் வேகாது."

என் வீட்டுக்காரர் அதைக் கையில் வாங்கியதை நான் மறக்கவில்லை. புரி பிரித்து, இழை எடுத்து, தொடையில் உருட்டி, பல்லால் கடித்து இழுத்துப் பார்த்தார். "கல்லைப் போய்த் திரிச்சிருக்காய்ங்க" என்றார். அந்தத் தூசு நெஞ்சுக்கு ஆகாது என்று இப்போது சொல்கிறார்கள். அப்போது விரல் அரிக்கிறது என்பதற்கு மேல் யாருக்கும் ஒன்றும் தெரியாது.

கல்நாரைப் பஞ்சு மாதிரிப் பிரித்து அடைத்து, ஸ்பிரிட்டை ஊற்றினார். சொர்ரென்று உள்ளே போனது. டின்னைத் தலைகீழாகக் கவிழ்த்து ஒரு காகிதத்துக்குமேல் பிடித்தார். ஒரு சொட்டு விழவில்லை. பற்றவைத்தால் எரிந்தது, தீரத் தீர ஊற்றினால் மறுபடி மறுபடி எரிந்தது, திரி மட்டும் போட்டது போட்டபடி இருந்தது. ஒரே ஒரு கோளாறு. முற்றத்தில் வெயிலில் வைத்துப் பற்றவைத்தபோது தீயே தெரியவில்லை. அணைந்துவிட்டது என்று அவர் கையை நீட்டி, சுட்டுக்கொண்டு, கையை உதறிக்கொண்டு சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஸ்பிரிட்டின் தீ வெயிலில் தெரியாது என்று பித்தளை விளக்குக் காலத்திலேயே எனக்குத் தெரியும். ஆனால் அதிலே கருகும் திரியாவது ஒரு புகை காட்டும். இது அதுகூடக் காட்டவில்லை. அதனால் நிழலில்தான் பற்றவைப்பது, மூடியைக் கவிழ்க்காமல் கிட்டே போவதில்லை என்று எனக்கு நானே சட்டம் போட்டுக்கொண்டேன். பல மாதம் அந்த அடுப்பு என் பையில் சாதுவாக வந்தது. பஸ்ஸில் யாரும் மூக்கைத் தூக்கவில்லை.

பிறகு அந்த மல்லிகைத் தோட்டக்காரர் வீடு. செம்பட்டி ரோட்டிலிருந்து பிரிந்து உள்ளே நடக்க வேண்டிய ஊர். மருமகளுக்குத் தலைப்பிரசவம். மாட்டுக் கொட்டகையை ஒட்டி இறக்கியிருந்த ஓலைச் சாய்ப்பில் படுக்க வைத்திருந்தார்கள். ஒரே வாசல், ஜன்னல் கிடையாது. தரையெல்லாம் வைக்கோல். அதைப் பார்த்ததும் அடுப்பை உள்ளே வைக்க எனக்கு மனசு வரவில்லை. நான் போட்ட சட்டத்தை நானே மீறி, வெளியே முற்றத்தில், நட்ட நடு வெயிலில் வைத்தேன். வேறு நிழல் வேப்பமரத்தடிதான், அங்கே அக்கம்பக்கத்துப் பெண்கள் இரண்டு பேர் வெற்றிலை போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

அந்த வீட்டு மாமியார் சுத்தக்காரி. சாணி மெழுகிய தரையில் ஒரு மாட்டுக்குளம்புத் தடம்கூட இல்லை. அவசரத்தில் நான் ஸ்பிரிட் ஊற்றும்போது கொஞ்சம் தரையில் தெறித்தது. நான் பாட்டிலை மூடி நிமிர்வதற்குள் அந்த அம்மா குனிந்து முந்தானையால் துடைத்துவிட்டது. உள்ளேயிருந்து மருமகள் கத்தினாள். அடுப்பைப் பற்றவைத்து, ஊசி டப்பாவில் தண்ணீர் ஊற்றி அதன்மேல் வைத்துவிட்டு, மூடியைப் பக்கத்தில் போட்டேன்.

"கொதி வந்து செத்த நேரம் விட்டு, துணியப் புடிச்சு இறக்கி வாசப்படில வெச்சிருங்க. அப்புறம் இந்த மூடிய அடுப்பு மேல கவுத்திருங்க. தீ தெரியாது, எரியும். ஊதிகீதி வெச்சுறாதீங்க."

"நெருப்ப யாராவது வாயால ஊதுவாகளா?" என்று அந்த அம்மா முகத்தைச் சுளித்தது.

பிள்ளை நல்லபடியாகவே வந்தது. பொம்பிளைப் பிள்ளை, வந்ததும் வீல் என்றது. வெளியே மாமியாருக்கும் அது கேட்டிருக்கிறது. டப்பாவை அடுப்புக்குப் பக்கத்திலேயே இறக்கி வைத்த கையோடு மூடியை எடுத்திருக்கிறது. எடுத்தபிறகு மனசு கேட்கவில்லை. ஒரு உயிர் இப்போதுதான் வந்திருக்கிறது, இந்த நேரத்தில் எரிகிற தீயை மூடி மூச்சடைப்பதா? வீட்டு விளக்கை எப்படி அமர்த்துவார்களோ அப்படியே செய்தது. ஒரு மல்லிகை மொட்டைப் பாலில் தோய்த்து, அடுப்பின்மேல் தொட்டுக் குளிரவைத்தது. குனிந்து பார்த்தது. கண்ணுக்குத் தீ இல்லை, அமர்ந்துவிட்டது என்று நினைத்தது. இதெல்லாம் பின்னால் அந்த அம்மாவே சொன்னது. எனக்கு அப்போது தெரியாது. நஞ்சு விழுந்து, ரத்தம் நிற்காமல் வர ஆரம்பித்திருந்தது.

இடது கையால் வயிற்றை அழுத்தித் தேய்த்துக்கொண்டே, "டப்பாவக் குடுங்க, சீக்கிரம்" என்று கத்தினேன். அந்த அம்மா டப்பாவை எடுக்கக் குனிந்தது. எனக்கு வாசல் வழியாக எல்லாம் தெரிந்தது. ஸ்பிரிட் துடைத்த முந்தானை நழுவி அடுப்பின்மேல் விழுந்தது. டப்பாவோடு இரண்டு எட்டு எடுத்து வைத்த அம்மா, திடீரென்று டப்பாவைக் கீழே போட்டுவிட்டுக் கையை உதறியது. காலை மாற்றி மாற்றி வைத்துக் குதித்தது. "எரியுது, எரியுது" என்று கூவியது. கால் பட்டு அடுப்பும் உருண்டது.

வேப்பமரத்தடிப் பெண்கள் எழுந்து நின்றார்கள். அவர்கள் கண்ணுக்கு வெயிலில் ஒரு பொம்பிளை ஆடுகிறாள், அவ்வளவுதான். தீ இல்லை, புகை இல்லை.

"சாமி வந்திருச்சுடி" என்றாள் ஒருத்தி.

"சாராய வாசம் அடிக்குது பாரு. முனி கேக்குது. வேப்பிலை ஒடி" என்றாள் மற்றவள்.

ஒடிக்கவும் செய்தாள். நான் உள்ளேயிருந்து பார்த்துக்கொண்டிருக்கிறேன். முந்தானையில் ஒரு பழுப்பு வட்டம் தானாகப் பெரிதாகிக்கொண்டே போகிறது. "தீ. தண்ணி ஊத்துங்க, அது தீ" என்று தொண்டை கிழியக் கத்தினேன். "எங்கம்மா தீ?" என்று அந்தப் பெண் வேப்பங்கொத்தோடு நின்று என்னையே கேட்டாள். எழுந்து ஓட என் கால் துடித்தது. கையை எடுத்தால் இவள் போய்விடுவாள். எடுக்காவிட்டால் அவள் எரிந்துவிடுவாள். அந்த நிமிஷம் எனக்கு வந்த பயம் போல என் ஆயுசில் எனக்கு வந்ததில்லை. இருட்டறை, கையடியில் சூடான ரத்தம், வெளியே கொளுத்துகிற வெயில்.

இருட்டு என்று நினைத்ததும்தான் புத்தி வந்தது. "உள்ள வாங்க, இங்க உள்ள வாங்க" என்றேன்.

அந்த அம்மா வாசற்படி வரை ஓடிவந்தது. படியில் நின்றுவிட்டது. உடம்பு எரிகிறது, ஆனாலும் தீட்டு அறைக்குள் கால் வைக்கவில்லை. எனக்கு அடிக்க வேண்டும்போல ஆத்திரம் வந்தது. அப்போது பாயில் கிடந்த மருமகள் தலையைத் தூக்கி, சத்தமே இல்லாத ஒரு குரலில், "அத்தை, உள்ள வாங்கத்தை" என்றாள்.

வந்தது. வாசலைத் தாண்டி இருட்டுக்குள் வந்ததும் தீ தெரிந்தது. முந்தானையிலிருந்து முழங்கை வரை நீலமாக ஓடிக்கொண்டிருந்தது. வேப்பங்கொத்துக்காரி பார்த்தாள். "ஆத்தாடி" என்று கொத்தைப் போட்டுவிட்டு, பிள்ளையைக் குளிப்பாட்ட வைத்திருந்த தண்ணீர்ப் பானையைத் தூக்கி அப்படியே ஊற்றினாள். தீ போனது. அந்த அம்மா நனைந்து நின்றது, முழங்கையில் தோல் கொப்புளித்து வந்தது. அந்தத் தீ வைக்கோலில் விழாமல் போனது எங்கள் எல்லாருடைய ஆயுசும் கெட்டி என்பதால்தான்.

ஆனால் என் கையடியில் ரத்தம் நிற்கவில்லை. சிரிஞ்சு மண்ணில் கிடக்கிறது. அடுப்பு முற்றத்தில் சாய்ந்து கிடக்கிறது, எரிகிறதா இல்லையா என்று யாருக்கும் தெரியாது. பக்கத்தில் மாட்டு வைக்கோல் போர். மரத்தடிப் பெண்கள் கிட்டே போகமாட்டோம் என்றுவிட்டார்கள். மாமியார்தான் என்னைப் பார்த்தது.

"எப்படித் தூக்குறது?"

"மூடிய கவுத்துங்க. கவுத்துட்டுத் தூக்குங்க."

போனது. கையை நீட்டி, தொட்டுவிடுவதற்குப் பயந்து பயந்து, மூடியைக் கவிழ்த்தது. தூக்கிக்கொண்டு வந்து வாசலுக்கு உள்பக்கம், நான் கை காட்டிய கல்லின்மேல் வைத்தது. சாய்ந்து உருண்ட அடுப்பிலிருந்து ஒரு சொட்டு வெளியே வரவில்லை. சிரிஞ்சு உடையவில்லை. அதைக் கழுவி, டப்பாவில் புதுத் தண்ணீர் ஊற்றி, அந்த அம்மாவே குச்சியைக் கிழித்துப் பற்றவைத்தது. கொப்புளித்த கையாலேயே. வாசல் நிழலில் ஓட்டைகளின்மேல் விரல்கடை உயரத்துக்கு மங்கலாக ஒரு நீலம். பார்த்தேன், எரிகிறது, போதும்.

தண்ணீர் கொதிக்க வேண்டும். தேய்த்தேன். "தூங்காத தாயி, பேசு, உன் பிள்ளைக்கு என்ன பேர் வைக்கப்போற?" என்று உளறினேன். அவள் உதடு வெளுத்துவிட்டது. மாமியார் அவள் தலைமாட்டில் ஈரச் சேலையோடு உட்கார்ந்து, "சொல்லு ஆத்தா, நர்சம்மா கேக்குறாகல்ல" என்றது. தண்ணீரில் முதல் குமிழி வந்தது. நான் எனக்குத் தெரிந்த எல்லாச் சாமியையும் கூப்பிட்டேன், பாய்லர் மூடிக் கயிற்றைக்கூடக் கூப்பிட்டேன். கொதித்ததும் ஊசியை எடுத்து, மருந்தை ஏற்றி, போட்டேன். செத்த நேரத்தில் என் கையடியில் கர்ப்பப்பை தேங்காய் மாதிரி இறுகி வந்தது. ரத்தம் குறைந்தது. பிறகு நின்றது. நான் அழுதேன். கையை மட்டும் எடுக்கவில்லை.

கண்ணேறுதான் இத்தனைக்கும் காரணம் என்று மாமியார் முடிவு கட்டிவிட்டது. மரத்தடிப் பெண்ணிடம் சொல்லி அடுப்படியிலிருந்து உப்பும் மிளகாயும் கொண்டுவரச் செய்தது. "மிளகா வேணாம், பச்சப்புள்ள இருக்கு" என்று நான் அதட்டியதும் அதைத் தனியே எடுத்துவைத்துவிட்டு, உப்பை மட்டும் கையில் அள்ளி மருமகளையும் பிள்ளையையும் மூன்று சுற்றுச் சுற்றியது. என்னையும் சேர்த்துச் சுற்றியது. சுற்றிய உப்பை நெருப்பில் போட வேண்டும். வீட்டு அடுப்புக்குப் போக முடியாது, தீட்டுப்பட்டாயிற்று. அந்த அறையில் இருந்த ஒரே நெருப்பு என் டின் அடுப்பு. டப்பாவை எடுத்தபிறகு மூடாமல் விட்டது, இன்னும் எரிந்துகொண்டுதான் இருந்தது.

உப்பைப் போட்டது. தீ மஞ்சளாக மாறியது.

விரல்கடை நீலம் என்று நான் நினைத்திருந்தது வெறும் அடிப்பக்கம். மேலே மிச்சமெல்லாம் வாசல் வெளிச்சத்தில் எங்களுக்குத் தெரியாமலேயே எரிந்திருக்கிறது. இப்போது முழுசாகத் தெரிந்தது, ஒரு முழத்துக்குக் குறையாமல். வாசல் இறக்கத்தில் ஒரு ஓலைக் கீற்று பிய்ந்து தொங்கிக்கொண்டிருந்தது. தீயின் நுனிக்கும் அதற்கும் நடுவில் என் உள்ளங்கை நுழைந்திருக்காது. ஓலை முனை ஏற்கெனவே சிவந்து சுருண்டிருந்தது. நான் ஒரு கையை மருமகள் வயிற்றில் வைத்தபடியே எட்டி மூடியை எடுத்தேன். எட்டிப் போட்டதில் மூடி பக்கத்தில் விழுந்தது. மாமியார் எடுத்துக் கவிழ்த்தது. தீ அடங்கியது.

"இம்புட்டு உசரமாவா எரிஞ்சிட்டு இருந்துச்சு, இவ்வளவு நேரமும்?" என்று அந்த அம்மா கேட்டது.

தலையை ஆட்டினேன். அந்த அம்மா கொப்புளித்த கையை நீட்டி, தொங்கிய கீற்றைப் பிய்த்து வெளியே எறிந்தது. பிள்ளை பாலுக்கு அழ ஆரம்பித்தது.